பள்ளிக்கூடத்துச் சிறுவர் வியாபாரம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் மிகச் சிறியதுபோலத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான்களைக் காசுக்கு விற்பதையும் வாங்குவதையும் பற்றியது அது. "இதற்கு ஒரு சொற்பொழிவா?" என்று நம் செயலாளரவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். என் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அதன்பின் அவர்கள் சிரிக்கவில்லை. அதனையே இங்கும் முதலில் சொல்லிவிடுகிறேன். குற்றத்தில் பெரும்பங்கு என்னுடையதாகையால், சொல்வதற்குச் சிறிது கூச்சமாகவே இருக்கிறது.

என் மகன் வயிற்றுப் பேரனுக்கு வயது 10; ஐந்தாம் வகுப்பில் வாசிக்கிறான். ஒரு நாள் மாலை பள்ளியிலிருந்து வந்தவன், "ஐயா, இன்றைக்கு நாற்பது ரூபாய் லாபம்" என்றான். என்ன லாபமென்று விசாரித்தேன். போகிமான் அட்டை என்று ஒன்று உண்டு. 1996-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்தில் முதன்முதல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஆட்டச் சீட்டு அது. பத்து ரூபாய்க்கு அதன் போலிகளை விற்கும் கடை எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. உறையைப் பிரிக்கும் வரை உள்ளே என்ன படம் இருக்கிறதென்று தெரியாது. மினுமினுப்பான அட்டை அகப்பட்டால் பிள்ளைகளுக்கு அது தங்கக் கட்டிக்குச் சமம். அவ்விதம் அகப்பட்ட ஒன்றை என் பேரன் ஐம்பது ரூபாய்க்கு விற்றிருக்கிறான். ஒரு குறிப்பேட்டில் வரவும் செலவும் எழுதி, மாதத்தின் கூட்டுத்தொகையும் போட்டிருந்தான்: எண்ணூற்று அறுபது ரூபாய்.

நான் என்ன செய்தேன்? "ஐந்தொகை எடுக்கத் தெரிந்துவிட்டதே! இரத்தத்தில் இருக்கிறதல்லவா!" என்று அவனை அணைத்துக்கொண்டேன். அப்பத்தாளைக் கூப்பிட்டுக் காண்பித்தேன். பணம் வைத்துக்கொள்ள என் பழைய தோற்பை ஒன்றையும் கொடுத்தேன். வணிகக் குலத்தில் பிறந்த எந்தக் கிழவனும் செய்யக்கூடியதுதான் அது. என் மகன் மட்டும், "பள்ளிக்கூடத்தில் காசு புழங்கலாமா, அப்பச்சி?" என்று மெல்லக் கேட்டான். நான் அவன் வாயை அடக்கிவிட்டேன்.

பத்து நாள் கழிந்தது. அடுத்த தெருவிலுள்ள ஒரு வீட்டில், பாட்டியம்மாள் மருந்து வாங்குவதற்கென்று சுருக்குப்பையில் வைத்திருந்த 500 ரூபாய் நோட்டு ஒன்று காணாமற்போயிற்று. அதற்கு முன்னும் நூறும் ஐம்பதுமாகக் குறைந்துகொண்டிருந்ததை அவர்கள் கவனித்து வந்திருக்கிறார்கள். அவ்வீட்டில் பாத்திரம் துலக்க வந்துகொண்டிருந்த ஓர் அம்மையார்மீது சந்தேகம் விழுந்தது. ஏழெட்டு வருஷமாக வந்துகொண்டிருந்தவர். நேரே திருடி என்று யாரும் சொல்லவில்லை. "நாளை முதல் வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்கள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த வாரம், அவ்வீட்டுப் பையனின் புத்தகப் பையிலிருந்து ஒரு கட்டு அட்டைகள் விழுந்தன. அவனுக்கு வயது 7, இரண்டாம் வகுப்பு. அவன் அட்டைகள் வாங்கியது என் பேரனிடத்தில்.

மகாஜனங்களே, அன்றிரவு அந்தக் குறிப்பேட்டை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். வரவு இருந்தது, தொகை இருந்தது, தேதியும் இருந்தது. யாரிடமிருந்து வந்தது என்பது ஓரிடத்திலும் இல்லை. நம் முன்னோர் ரங்கூனிலும் பினாங்கிலும் கிட்டங்கியில் உட்கார்ந்து எழுதிய பேரேடுகளைக் கண்டவர்கள் இச்சபையில் சிலர் இருப்பீர்கள். பேரேடு என்ற பெயரிலேயே பேர் இருக்கிறது. ஒரு ரூபாயானாலும் அது இன்னார் பற்று, இன்னார் வரவு என்றிருக்கும். ஆளில்லாமல் தொகை மாத்திரம் நிற்பதில்லை. என் பேரன் எழுதியது கணக்கே அன்று. அதனைப் பார்த்து மகிழ்ந்த எனக்கு, பார்க்க வேண்டியது எதுவென்று தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளைகள் பண்டமாற்றுச் செய்வது நூதனமன்று. நான் சிறுவனாயிருந்த 1960-ஆம் ஆண்டுகளில், தீப்பெட்டிப் படமும், புளியங்கொட்டையும், சினிமாக் கொட்டகைகளில் கழித்துப் போட்ட படச்சுருள் துண்டும் எங்களுக்கு நாணயமாயிருந்தன. எம்.ஜி.ஆர். கத்தி பிடித்து நிற்கும் துண்டு ஒன்றுக்குச் சாதாரணத் துண்டுகள் ஐந்தாறு கொடுக்க வேண்டும். ஏமாற்றமும் சண்டையும் அங்கும் இருந்தன. ஆயினும், மறுநாள் அழுதுகொண்டு போய் நின்றால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடலாம். பொருள் அப்படியே இருக்கும். காசு அவ்வாறு இருப்பதில்லை. அன்று மாலையே மிட்டாயாக மாறிவிடும். அன்றியும், என் தீப்பெட்டிப் படம் நான் தெருவில் பொறுக்கியது. சிறுவன் கையிலுள்ள காசோ அவனுடையதன்று. அது பெற்றோர் தந்தது, அல்லது தராதது. ஆதலால் பொம்மைக்குப் பொம்மை மாற்றுவதைக் கண்டு நாம் பதற வேண்டியதில்லை என்பதும், காசு நுழைந்த இடத்தில் பெரியவர் ஒருவரும் நுழைய வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். ஆண் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறேன் என்று ஆச்சிமார் எண்ண வேண்டாம். வாசனை ரப்பரும் ஒட்டுப் படமும் கைவளையும் பெண் பிள்ளைகளிடத்தில் இதே விதமாகக் கைமாறுகின்றன.

மற்றொரு காரணமும் உண்டு. சுவிட்சர்லாந்து தேசத்து அறிஞர் ழான் பியாஜே என்பவர், சிறுவர்கள் கோலி விளையாடுவதைக் கூட இருந்து கவனித்து, அவர்களைக் கேள்வி கேட்டு, 1932-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மிகச் சிறிய பிள்ளைகள் ஆட்டத்தின் விதியை மாற்றலாகாத கட்டளையாகக் கருதுகிறார்கள் என்றும், பத்து வயதை ஒட்டித்தான், விதியென்பது நாம் கூடிப் பேசி ஏற்படுத்திக்கொள்வது என்னும் அறிவு அவர்களுக்குத் தெளிவாக உண்டாகிறது என்றும் அதில் கண்டு சொன்னார். இதனை நம் விஷயத்தோடு பொருத்திப் பாருங்கள். பத்து வயதுப் பையன் "இது ஐம்பது ரூபாய்" என்கிறான். அவனுக்கு அது கேட்டுப் பார்க்கும் விலை. ஏழு வயதுப் பையனுக்கோ அது அண்ணன் சொன்ன வார்த்தை; பேரம் பேசலாமென்பதே அவனுக்குத் தோன்றாது. இருவரும் ஒரே சந்தையில் நிற்பதுபோலத் தோன்றினாலும், நிற்பவன் ஒருவனே.

நம் தேசத்துச் சட்டமும் இதனை வேறு வழியாகக் கண்டிருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 11-ஆவது பிரிவில், வயது வந்தவரே ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர் என்கிறது. அவ்வயது இன்று 18. வட்டித் தொழில் செய்த குடும்பத்தார் மறக்கக்கூடாத வழக்கு ஒன்று உண்டு. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்னும் மைனர் 1895-ஆம் ஆண்டில் தன் சொத்தின்மேல் 20,000 ரூபாய்க்கு அடமானப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். அவர் மைனர் என்பது கடன் கொடுத்தவருடைய வக்கீலுக்கு முன்னரே தெரிந்திருந்தது. வழக்குப் பிரிவி கௌன்சில் வரையில் போயிற்று. மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் தீர்ப்பாயிற்று. கடன் கொடுத்தவர் கொடுத்த பணத்தையும் திரும்பப் பெறவில்லை. பிள்ளைகளின் அட்டை வியாபாரத்துக்கு வக்கீலைத் தேடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இருபதாயிரத்துக்கு மைனரிடம் கையெழுத்து வாங்கியவர் செய்தது தவறென்றால், ஐந்நூறு ரூபாய்க்கு ஏழு வயதுப் பையனிடம் அட்டை விற்றதைச் சாமர்த்தியமென்று நாம் மெச்சுவது எப்படி?

ஆனால், என்ன செய்வது? தடை போட்டுவிடலாம் என்பார்கள். 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பல பள்ளிகள் இவ்வட்டைகளைத் தடை செய்தன. எங்கள் பள்ளியிலும் இச்சம்பவத்துக்குப் பிறகு தடை வந்தது. வியாபாரம் வகுப்பறையைவிட்டுப் பள்ளி வேனுக்குப் போயிற்று. அங்கே ஆசிரியரும் இல்லை. தடை வேண்டாமென்று சொல்லவில்லை. அதனோடு தம் கடமை முடிந்ததென்று பெற்றோர் எண்ணிவிடுவதே தவறு.

அடித்தலும் பயன் தராது. அடுத்த தெருப் பையனை அவன் தகப்பனார் அன்று அடித்தார். அதன் பலன், மற்ற அட்டைகளை எங்கே வைத்தான் என்பதை அவன் ஒரு வாரம் சொல்லவில்லை. என் மகன் வேறு விதமாகச் செய்தான். அவனுக்கு என்னைவிட நிதானம் உண்டு. பேரனை உட்கார வைத்து, குரலை உயர்த்தாமல், என்ன கொடுத்தாய், யாருக்குக் கொடுத்தாய், அவன் எவ்வளவு தந்தான், அவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். முதல் மூன்றுக்கும் விடை வந்தது. நான்காவதற்கு, "நான் கேட்கவில்லை" என்றான். "ஏன் கேட்கவில்லை?" என்றதற்கு, "கேட்டால் வாங்கமாட்டானோ என்று நினைத்தேன்" என்றான். ஆகவே சிறுவனுக்கு உள்ளே தெரிந்தே இருந்தது! பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் சொல்லிக்கொள்வது அவ்வளவு சரியன்று.

மறுநாள் காலை பணத்தை எடுத்துக்கொண்டு மூவருமாக அவ்வீட்டுக்குப் போனோம். கையிலிருந்தது அறுநூறு, செலவாகிப்போன மிச்சத்துக்கு நான் போட்டேன். இங்கே என் மகன் என்னைத் தடுத்தான். "நீங்கள் போட்டால் அது உங்கள் கணக்கு, அவன் உங்களுக்குக் கடன்பட்டவன் என்று எழுதிவையுங்கள்" என்றான். எழுதிவைத்தேன். வாரம் இருபது ரூபாய் வீதம், அவனுக்குக் கிடைக்கும் கைக்காசிலிருந்து கழித்தேன். வட்டி மட்டும் வாங்கவில்லை, அப்பத்தாள் சம்மதிக்கவில்லை.

உங்கள் பிள்ளை வாங்குகிற பக்கத்தில் இருந்தாலும் இதே முறைதான். பையில் புதுச் சாமான் ஒன்றைக் கண்டால், பறிப்பதற்கு முன் கேளுங்கள். விற்ற பிள்ளையின் வீட்டுக்குக் கடன் வசூலிக்கப் போகிறவரைப் போலப் போகாதீர்கள். ஆசிரியரிடம் புகார் சொல்வதற்கு முன் அந்தத் தாய் தந்தையரிடம் பேசுங்கள். பத்தில் எட்டு அங்கேயே தீர்ந்துவிடும். பணம் திரும்பும்போது பிள்ளைகள் இருவரும் எதிரில் இருக்கட்டும். தாமதம் செய்ய வேண்டாம். நாள் ஏற ஏற வெட்கம் பிடிவாதமாக மாறிவிடும்.

இன்னொன்று. வியாபாரத்தில் ருசியுள்ள பிள்ளையிடம், "வியாபாரமே கூடாது" என்று சொல்வது நமக்கு அழகன்று, உண்மையும் அன்று. நம் பாட்டனார் காலத்தில் சிறுவர்களைப் பெட்டியடிப் பையன் என்று கடையில் வைத்தார்கள். ஏஜெண்டுக்குக் கீழே அடுத்தாள், அடுத்தாளுக்கும் கீழே இந்தப் பையன். பெட்டியருகே இருப்பான், எடுத்துக் கொடுப்பான், பார்ப்பான். தன் பொறுப்பில் கடன் கொடுக்க அவனுக்கு அதிகாரம் வர எத்தனையோ வருஷம் ஆகும். அந்தக் காலம் அப்படியே திரும்ப வேண்டுமென்று நான் கூறவில்லை. தாயைப் பிரிந்து கப்பலேறி, மூன்று வருஷக் கணக்கு முடியும் வரை ஊர் திரும்பாத பையன்களின் அழுகையை எந்தப் பேரேட்டிலும் எழுதவில்லை. இன்று சட்டமும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்க விடாது. குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத காரியமாயிருந்தால், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் ஒத்தாசை செய்ய மாத்திரம் இடங்கொடுக்கிறது. அந்த அளவு நமக்குப் போதும். விடுமுறையில் என் பேரன் தன் அப்பச்சி கடைக்குப் போனான். வந்தவர் ஒருவருக்கு 30 ரூபாய் சில்லறை அதிகமாகக் கொடுத்துவிட்டான். அவர் திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனார். "ஏன் ஐயா திருப்பிக் கொடுத்தார்?" என்று வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அவனே இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பாத்திரம் துலக்கும் அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அடுத்த தெருவார் மிகவும் வருந்தி, ஆளனுப்பி மன்னிப்புக் கேட்டார்கள். மறுபடி வேலைக்கு வரச் சொன்னார்கள். அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். கோபமாகச் சொல்லவில்லையாம்; "வேறு வீடு பார்த்துக்கொண்டேன், அம்மா" என்றாராம். நானும் பேரனும் அவர் வீட்டுக்கு ஒரு நாள் போனோம். பேரன் பேச எண்ணியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். அங்கே போனதும் ஒன்றும் வரவில்லை. அவர் அவனுக்கு மோர் கொடுத்தார். எண்ணூற்று அறுபது ரூபாயும் திரும்பிவிட்டது. இந்த ஒரு பற்று எங்கள் கணக்கில் தீராமலே நிற்கிறது.

பேரன் இப்போது புதிய குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறான். சென்ற வாரம் பார்த்தேன். அட்டை மாற்றியிருக்கிறான், காசு இல்லை, அட்டைக்கு அட்டை. இடப்பக்கத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பெயர் எழுதியிருக்கிறான்.