கோர்ட்டில் பிறந்த சட்டம்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் வக்கீல் இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு மத்திய சர்க்கார் உத்யோகத்தில் காலம் தள்ளியவன். ஃபைலில் எந்த விஷயத்தை வைத்தாலும் மேலதிகாரி முதலில் கேட்பது, "இதற்கு பிரிசிடென்ட் உண்டா?" என்றுதான். இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று ரிடையரான பிறகு தேடிப் படித்தேன். அது இங்கிலாந்தின் 'காமன் லா'வில் கொண்டுபோய் விட்டது.

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் இருந்தது. 1154-ல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஹென்றி, தன் நீதிபதிகளை ஊர் ஊராக அனுப்பி விசாரிக்கச் சொன்னார். அவர்கள் தீர்ப்புகளிலிருந்து நாளடைவில் தேசம் முழுமைக்கும் பொதுவான விதிகள் உருவாயின. அதனால்தான் 'காமன்' என்ற பெயர். ஐரோப்பாவின் மற்ற தேசங்கள் ஜஸ்டினியன் தொகுத்த ரோமானியச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டன. அங்கே முதலில் புத்தகம், பிறகு வழக்கு. இங்கிலாந்திலோ முதலில் வழக்கு, அதிலிருந்து விதி. ஸயன்ஸ் படித்தவனுக்கு இது பழகின வழிதான்.

ஒரே ஒரு விதியின் கதையைச் சொல்கிறேன். லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற மில் முதலாளி ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் இருந்தது அவருக்குத் தெரியாது. 1860 டிசம்பரில் தண்ணீர் அதன் வழியே இறங்கி, ஃப்ளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. முதலாளி மேல் கவனக்குறைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் 1868-ல் பிரபுக்கள் சபை அவரே பொறுப்பு என்றது. இயல்புக்கு மாறாக ஆபத்தான ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து தேக்குகிறவன், அது வெளியேறினால் நஷ்டஈடு தரவேண்டும்.

காமன் லா நம் நாட்டுக்கு 1726-ம் வருஷத்து ராஜ சாசனத்தின் மூலம் சென்னை, பம்பாய், கல்கத்தா பட்டணங்களில் முறையாக வந்தது. வெளியூர்களில் 'நீதி, நியாயம், நல்ல மனசாட்சி' என்ற பெயரில் நுழைந்தது. ஆகவே, இன்று ஆந்திராவில் இருக்கும் கார்வேட்நகர் ஜமீனில் ஏரிகள் உடைந்து மதராஸ் ரயில்வே கம்பெனிக்கு நஷ்டமானபோது, கம்பெனி ரைலண்ட்ஸ் தீர்ப்பையே நீட்டியது. 1874-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. மில்லுக்காக வெட்டிய தேக்கம் வேறு, இங்கே தொன்றுதொட்டு வரும் ஏரி வேறு. விவசாயத்துக்கு அது உயிர். ஜமீன்தார் வேண்டாமென்று மூடிவிட முடியாது, காப்பது அவர் கடமை. கவனக்குறைவு இல்லாதவரை அவர் மேல் பொறுப்பில்லை. கம்பெனி வெள்ளைக்காரனுடையது, நீதிபதிகளும் வெள்ளைக்காரர்கள். ஜெயித்ததோ நம் பக்கத்து ஏரி! இதை நான் பலமுறை ரசித்துப் படித்திருக்கிறேன்.

டில்லி அங்கத்தினர்களுக்கு 1985 டிசம்பரில் ஓலியம் வாயு கசிந்தது நினைவிருக்கும். அந்த வழக்கில் நீதிபதி பகவதி தலைமையிலான ஐவர் அமர்வு, ரைலண்ட்ஸ் விதியிலுள்ள விலக்குகள் அபாயகரமான தொழிற்சாலைகளுக்குப் பொருந்தாது என்று 1986-ல் தீர்ப்பளித்தது. தெய்வச் செயல், மூன்றாம் மனிதர் செயல் என்று எந்தச் சாக்கும் செல்லாது.

2024 ஜூலை 1 முதல் இந்தியன் பீனல் கோடு, கிரிமினல் ப்ரொசீஜர், சாட்சியச் சட்டம் ஆகியவற்றின் இடத்தில் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. "வெள்ளைக்காரன் சட்டம் ஒழிந்தது" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் நஷ்டஈடு பற்றிய இந்தச் சட்டத்தின் பெரும்பகுதி இன்றும் தீர்ப்புகளில்தான் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 141-வது பிரிவுப்படி சுப்ரீம் கோர்ட் சொல்லும் சட்டம் எல்லாக் கோர்ட்டுகளையும் கட்டுப்படுத்தும். நபர் மாறினாலும் முறை போகவில்லை. போக வேண்டுமென்றும் எனக்குத் தோன்றவில்லை.

குறை இல்லாமலில்லை. யாராவது அடிபட்டு, கோர்ட்டுக்குப் போய், கடைசிவரை தாக்குப்பிடித்தால்தான் விதி பிறக்கும். போபால் வழக்கு 1989-ல் 47 கோடி டாலருக்கு சமரசமாக முடிந்தது. புதிய விதி அங்கே பரீட்சைக்கே வரவில்லை. உதய்பூர் அருகே பிச்ரி கிராமத்தில் ரசாயனக் கழிவு கிணறுகளைக் கெடுத்த வழக்கில்தான், 1996-ல் சுப்ரீம் கோர்ட் அதைப் பிரயோகித்தது. சீர்செய்யும் செலவாகக் கணக்கிட்ட 37 கோடிக்கு மேற்பட்ட ரூபாயைக் கம்பெனி கட்டவில்லை. 2011-ல் கோர்ட் கூட்டு வட்டி போட்டு, மறுபடியும் கட்டச் சொன்னது.