தாய்மைக்குச் சட்டம் தரும் காவல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்த நமக்குப் பேறுகாலம் கவலை கலந்த மகிழ்ச்சியாகவே இருக்கிறது. முதற்பேற்றுக்குத் தாய்வீடு செல்லுதல் நம் வழக்கம். தாய்வீடோ நெடுந்தூர ரயில் பயணத்துக்கு அப்பால்; உத்தியோகமோ இங்கே. "விடுப்புக் கிடைக்குமா, சம்பளம் நின்றுவிடுமா?" என்று அஞ்சி, வேலையையே விட்டுவிடும் பெண்கள் இன்றும் உளர். ஆகவே, சட்டம் கூறுவதை நாம் அறிந்திருத்தல் நலம்.

இவ்வுரிமை ஒரு நாளில் வந்ததன்று. 1928-இல் பம்பாய்ச் சட்டசபையில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்து டாக்டர் அம்பேத்கர் பேசினார். மறு ஆண்டே அது சட்டமாயிற்று. சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு, 42-ஆம் பிரிவில் பேறுகால நலனை அரசின் நெறியாக வகுத்தது. 1961-இல் மத்திய சட்டம் பிறந்தது. 12 வார விடுப்பு 2017-இல் 26 வாரமாக உயர்ந்தது. அவ்விதிகள் பெரும்பாலும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளன.

பிரசவத்துக்கு முந்திய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருந்தால், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் ஓய்வு பெறலாம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரு குழந்தைகள் உள்ள தாய்க்கு 12 வாரம். கருச்சிதைவு நேரின் 6 வாரம். இவ்விடுப்பைக் காரணம் காட்டி வேலையினின்று நீக்குதல் சட்ட விரோதம். வேலைக்குத் திரும்பிய தாய்க்கு, குழந்தை 15 மாதம் நிறையும்வரை, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு.

"நாம் நிரந்தர ஊழியர் அல்லவே" என்று எவரும் சோர்வடைய வேண்டுவதில்லை. இந்நகரின் மாநகராட்சியில் தினக்கூலிகளாக உழைத்த பெண்கள் இவ்வுரிமைக்காக வழக்காடினர். அவர்களுக்கும் சட்டம் பொருந்தும் என 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அன்பர்களே, இனிக் கூறுவது நம்மையே நோக்கியது. நம் இல்லங்களில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு இந்த 26 வாரம் இல்லை. பத்துப் பேருக்குக் குறைந்த கடைகளுக்கே எட்டாத சட்டம், வீட்டின் வாயிற்படிக்குள் எவ்வாறு வரும்? அவள் கருவுற்றதும் வேறொருத்தியை அமர்த்திவிட்டு அவளை மறந்துவிடுகிறோம். அலுவலகத்தில் நம் மகளுக்கு நாம் கேட்கும் நீதியை, நம் அடுக்களையில் மறுத்தல் முறையாகுமா? பேற்றுக்குப் பின் சில வாரங்களேனும் சம்பளம் தந்து, அவள் இடத்தை அவளுக்கே வைத்திருப்போம். தகுதியுள்ள தாய்க்கு முதற் குழந்தையின்பொருட்டு மத்திய அரசு 5,000 ரூபாய் வழங்கும் திட்டமும் உண்டு. அதற்கு விண்ணப்பம் எழுதித்தர நம் இளைஞர்கள் முன்வரலாகாதா?

உத்தியோகம் பார்க்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல்: விடுப்பை வாய்மொழியாகக் கேளாதீர்கள், எழுத்தில் கொடுத்துப் படியொன்று வைத்துக்கொள்ளுங்கள். தயக்கமுள்ளோர் சங்கத்தின் மாதர் பிரிவை அணுகுங்கள். சட்டம் ஏட்டில் உறங்காதிருக்க, அறிந்தவர் அறியாதவர்க்கு எடுத்துச் சொல்வதே வழி.