திருமணியில் உறங்கிய தடுப்பூசி வளாகம்
(செங்கற்பட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பணமுடை வந்த வீட்டில் எச்செலவு நின்றது, எச்செலவு நடந்தது என்று பார்த்தால், அங்கே எவர் சொல் அம்பலமேறுகிறது என்பது விளங்கிவிடும். அரசுக்கும் அதுவே அளவுகோல். சான்று தேடித் தொலைவு போகவேண்டா. நம் திருமணியிலுள்ள தடுப்பூசி வளாகமே போதும்.

2008 சனவரியில் நடுவணரசு, கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்றிடங்களிலும் தானே நடத்திய தடுப்பூசி நிலையங்களின் உரிமத்தை, ஆக்கநெறி போதாதென்று நிறுத்திவைத்தது. அன்று நலவாழ்வு அமைச்சர் அன்புமணி இராமதாசு, நம் தமிழர்தாம். திருத்த வேண்டியதை மூடினால் தனியாரிடம் கையேந்துவதன்றி வேறென்ன வழி? 2010இல் உரிமம் மீண்டது. 2012இல் திருமணி வளாகத்திற்கு 594 கோடி உருபா ஒப்பளிக்கப்பட்டது. எச்.எல்.எல். பயோடெக் என்னும் நடுவணரசு நிறுவனத்தின் பொறுப்பில் 100 ஏக்கரில் கட்டடங்கள் எழுந்தன. காலம் நீள நீள மதிப்பீடு 904 கோடியாயிற்று. ஏறத்தாழ 700 கோடி செலவாகி, வேலை முடியுந் தறுவாயில், மேற்கொண்டு பணமின்றிப் படுத்துவிட்டது.

பொருளியல் தேங்கும்போது தனியார் முதல்போட அஞ்சுவர். அரசுதான் செலவிட வேண்டும். அச்செலவிலும் மிகுபயன் தருவது எது? முக்காற்பங்கு முடிந்த வேலையை முடிப்பது. கடைசிப் பங்கு, முன் போட்ட மூன்று பங்கையும் உயிர்ப்பிக்கும். கதிர்விட்ட வயலுக்குக் கடைசித் தண்ணீரை மறுக்கும் உழவன் உண்டா?

தில்லி மறுத்தது. 2019 ஏப்பிரல் முதல் சூன் வரையிலான காலாண்டில் வளர்ச்சி 5 விழுக்காடாக இறங்கியதென்ற கணக்கு வெளிவந்தது. செப்டம்பர் 20இல் குழுமங்களின் வருமானவரி 30இலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி வருவாய் குறையுமென அரசே அறிவித்தது. மூன்று வாரங் கழித்து மாமல்லபுரத்தில் சீனத் தலைவரும் இந்தியத் தலைமையமைச்சரும் சந்தித்தனர். கற்கோவில்கள் விளக்கொளியில் மின்னின. திருமணி வேலையோ முடிந்தபாடில்லை. 2020இல் கொரோனாக் கொடுமைக்கு நடுவே, புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு 862 கோடி அளவில் ஒப்பந்தம் கொடுத்தனர்; 2023 மே மாதம் திறந்தும்விட்டனர்.

கரணியம் எளிது. முன்னவர் தொடங்கியதை முடித்தால் கல்லில் தம் பெயர் நிற்காது. நம் ஆட்சியாளரும் இதில் தூயரல்லர். 2021 சனவரியில் மெரினாவில் நினைவிடம் திறந்து மகிழ்ந்தவர்கள்தாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே தொண்டைநாட்டு உத்தரமேரூரில் ஏரிக்கெனத் தனி வாரியம் இருந்தது. பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவனோடு அவன் உறவினரையும் வாரியங்களுக்கு விலக்கியது. திருமணிக் கணக்கை எவரிடம் கேட்பது?

2021 மே மாதம், 18 முதல் 44 அகவையினர்க்கு மாநிலங்களே தடுப்பூசி வாங்கிக்கொள்க என்றது தில்லி. தனக்கு 150 உருபாவுக்குக் கிடைத்த கோவிசீல்டு, மாநிலத்துக்கு 300! அம்மாதம் 25ஆம் நாள் முதலமைச்சர் மு.க. இசுடாலின் திருமணி வளாகத்தைப் பார்வையிட்டார். மறுநாள், பழைய கடன்சுமையின்றி அதனைக் குத்தகைக்குத் தருமாறு தலைமையமைச்சருக்கு மடல் எழுதினார். தனியாரைத் தேடிவிட்ட அறிவிப்புக்கும் எவரும் முன்வந்திலர். இரண்டாம் அலை ஓயும்வரை அவ்வளாகத்திலிருந்து கொரோனாத் தடுப்பூசிக் குப்பி ஒன்றும் வெளிவரவில்லை.