பாயிண்ட் மோட்டாருக்கு கரண்ட் கொடுப்பது எப்படி? குட்டி ரயிலும் ஆவூர் தேரும்

மாடல் ரயில் செய்யறவங்க எல்லாரும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கிற இடம் ஒண்ணு இருக்கு. தண்டவாளம் போட்டாச்சு, எஞ்சின் ஓடுது. ஆனா தடம் மாத்துற பாயிண்டை இன்னும் விரலால்தான் தள்ளிக்கிட்டு இருக்கோம். அதை மோட்டார் வெச்சு மாத்தணும். அதுக்கு கரண்ட் எங்கிருந்து எடுக்கறது, எவ்வளவு கொடுக்கறது? இன்னைக்கு இதை மட்டும் பேசுவோம்.

முதல்ல நிஜ ரயில். நான் பேசறது புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரிலிருந்து. எங்க பக்கம் ரயில் பார்க்கணும்னா திருச்சி–புதுக்கோட்டை பாதையில் இருக்கிற கீரனூருக்குப் போகணும். இந்த மாதிரி ஸ்டேஷன்கள்ல தடம் பிரியற இடத்துல, தண்டவாளத்தை ஒட்டி ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதுதான் பாயிண்ட் மெஷின். நம்ம ரயில்வேயில் பரவலா இருக்கறது 110 வோல்ட் டிசியில் ஓடுது. பூட்டைத் திறந்து, தண்டவாள நாக்கை நகர்த்தி, மறுபடி பூட்ட சில நொடிதான் ஆகும். வேலை முடிஞ்சதும் மோட்டாருக்குப் போற கரண்ட் தானா நின்னுடும். நாக்கு சரியா ஒட்டியிருக்குன்னு பெட்டிக்குள்ள இருக்கிற கான்டாக்ட் தகவல் சொன்ன பிறகுதான் சிக்னல் விழும். இந்த வரிசையை ஞாபகம் வெச்சுக்குங்க.

மாடலில் ரெண்டு வகை மோட்டார் உண்டு. ஒண்ணு சாலினாய்டு, அதாவது ரெண்டு கம்பிச் சுருள். பட்டனை அழுத்தினா 'டக்'னு ஒரு பக்கம் இழுக்கும். பீகோ பிஎல்-10 இந்த ரகம். இன்னொண்ணு மெதுவா நகர்ற மோட்டார். டார்ட்டாய்ஸ் மாதிரி.

சாலினாய்டு ஏன் எரிஞ்சு போகுது? ஒரு சுருளோட தடை 4 ஓம்னு வெச்சுக்குவோம். 16 வோல்ட் கொடுத்தா 4 ஆம்பியர், அதாவது 64 வாட். வீட்டில் பற்றவைக்கிற சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். கால் நொடிக்கு இந்தச் சூடு ஒண்ணும் செய்யாது. பட்டன் சிக்கி பத்து இருபது நொடி நின்னுட்டா சுருளோட இன்சுலேஷன் உருகும், பிளாஸ்டிக் வளையும். பலகைக்கு அடியில் நடக்கறதால வாசனை வந்த பிறகுதான் தெரியும். அதனால சாதாரண லைட் சுவிட்ச் இதுக்கு ஆகவே ஆகாது. கையை எடுத்தா தானே திரும்புற பட்டன்தான் வேணும். அதுவும் போதாது.

இங்கதான் எங்க ஊர்த் தேர் உதவிக்கு வருது. ஆவூர் பெரியநாயகி மாதா கோயில் தேர்த் திருவிழா இந்தப் பக்கம் பிரபலம். எந்தத் தேரா இருந்தாலும் கிளப்பற அந்த ஒரு நொடிதான் கனம். எல்லாரும் வடத்தைப் பிடிச்சு, மூச்சைச் சேர்த்து, ஒரே நேரத்தில் இழுக்கணும். ஆளுக்கொரு நேரத்துல இழுத்தா நாள் முழுக்க இழுத்தாலும் அசையாது. கெப்பாசிட்டர் செய்யறது இந்த வேலையைத்தான். நிதானமா சேர்த்து வெச்சு, ஒரே மூச்சில் விடும்.

24 வோல்ட் டிசி அடாப்டர் ஒண்ணு, 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு, நடுவில் 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர். கெப்பாசிட்டர் 35 வோல்ட் தாங்கறதா இருக்கட்டும். பிளஸ், மைனஸ் மாத்திக் கொடுத்தா வெடிக்கும், ஜாக்கிரதை. பட்டனை அழுத்தினதும் சேர்ந்திருக்கிற சக்தி நொடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள்ள சுருளுக்குள் பாய்ஞ்சு பாயிண்டைத் தள்ளிடும். பட்டன் சிக்கிக்கிட்டாலும் ரெசிஸ்டர் வழியா வர்றது 0.11 ஆம்பியர்தான். சுருள் சூடாகாது. மறுபடி நிரம்ப மூணு நாலு நொடி பொறுக்கணும், அவ்வளவுதான். ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி கடைத்தெருவில் இதெல்லாம் சாதாரணமா கிடைக்கும்.

அடுத்தது கம்பி. 'எங்கிட்ட இருக்கிற மோட்டார் பக்கத்துல இருந்தா வேலை செய்யுது, தூரத்துல வெச்சா பாதியில் நிக்குது'ன்னு நிறைய பேர் சொல்வாங்க. 0.2 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 3 மீட்டர் போய்த் திரும்பினா, இந்த அளவு கரண்டுக்குக் கிட்டத்தட்ட 3 வோல்ட் வழியிலேயே போயிடும். 0.75 கம்பி போட்டா இழப்பு 1 வோல்ட்டுக்கும் குறைவு. மோட்டாரை மாத்தறதுக்கு முன்னாடி கம்பியை மாத்திப் பாருங்க.

மெதுவா நகர்ற மோட்டார் கதை வேற. டார்ட்டாய்ஸ் 12 வோல்ட்டில் ஓடி, முட்டி நின்ன பிறகும் கரண்ட் போய்க்கிட்டே இருக்கும். ஆனா அது 16 மில்லிஆம்பியர் அளவுதான். 20 பாயிண்டுக்கும் சேர்த்தே 320 மில்லிஆம்பியர். அரை ஆம்பியர் அடாப்டர் போதும். பிளஸ் மைனஸை மாத்துற சுவிட்ச் ஒண்ணு போட்டா திசை மாறும். விலைதான் கூடுதல். 5 வோல்ட் சின்ன செர்வோ மலிவு. ஆனா கரண்ட் போய் வரும்போது அது ஒருமுறை துள்ளக்கூடும். வண்டி மேல நிக்கும்போது துள்ளினா தடம் புரளும்.

எந்த மோட்டாரா இருந்தாலும், அதுக்கான கரண்டைத் தண்டவாளத்திலிருந்து எடுக்காதீங்க. டிசிசி வெச்சிருக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். தப்பா இருக்கிற பாயிண்டில் எஞ்சின் ஏறினா ஷார்ட் ஆகி மொத்த கரண்டும் நின்னுடும். பாயிண்டைச் சரி பண்ணலாம்னா, பாயிண்டுக்கும் அதே கரண்ட்தான்! விரலால தள்ளற காலத்துக்கே திரும்பிப் போகணும். தனி அடாப்டர், தனி கம்பி இருந்தா இந்தத் தலைவலி கிடையாது.

கடைசியா, அந்தக் கான்டாக்ட் விஷயம். 2024 அக்டோபர் 11 ராத்திரி சென்னைக்குப் பக்கத்துல கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் சிக்னல்தான் இருந்தது. வண்டி லூப் லைனுக்குள்ள போய், நின்னுக்கிட்டிருந்த சரக்கு ரயிலில் மோதுச்சு. சிக்னல் சொல்றதும் தண்டவாளம் இருக்கறதும் வேற வேறயா ஆனா என்ன ஆகும்கறதுக்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டாம்.

நம்ம மேஜையில் உயிர் போகாது. ஆனா பழக்கம் ஒண்ணுதான். பேனலில் இருக்கிற எல்.இ.டி.யைப் பட்டனோட இணைக்காதீங்க. பட்டன் அழுத்தினது மட்டும்தான் அதுக்குத் தெரியும். பாயிண்ட் நாக்கு நகர்ற கம்பியில் ஒரு மைக்ரோ சுவிட்ச் வெச்சு, அதிலிருந்து எல்.இ.டி.க்குக் கொடுங்க. நடுவில் ஒரு சின்னக் கல் மாட்டி நாக்கு பாதியில் நின்னா விளக்கு எரியாது. எரியலைன்னா வண்டியை விடாதீங்க.

இந்த வாரம் ஒரே ஒரு பாயிண்டுக்கு இதைச் செஞ்சு பாருங்க. மல்டிமீட்டரில் சுருளோட தடையை அளந்து, உங்க கணக்கைக் கமென்டில் போடுங்க. அடுத்த எபிசோடில் சிக்னல் விளக்கு.