சந்தில் பிறந்த பாட்டும் சந்தைக்குப் போன பாட்டும்

(பண்பாட்டு வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ராப் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பழக்கம் இடதுசாரி இயக்கத்தின் மூத்த தலைமுறையிடம் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. அமெரிக்க இறக்குமதி, கூச்சல், நுகர்வுப் பண்பாடு என்று மூன்றே சொற்களில் வழக்கை முடித்துத் தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். அதே தோழர்களின் வீட்டில், பதினெட்டு வயதுப் பிள்ளை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுதும் கேட்பது இதைத்தான். அந்தப் பிள்ளையை அருகில் அமர்த்தி, இதில் எது நல்லது, எது போலி என்று கேட்டால் அரைமணி நேரம் நிற்காமல் பதில் வரும். எந்தப் பாடகர் தாம் வாழ்ந்த தெருவைப் பாடுகிறார், எவர் கண்ணால் கண்டிராத துப்பாக்கியைப் பாடுகிறார், எவருடைய முதல் மிக்ஸ்டேப்பில் இருந்த உண்மை மூன்றாம் ஆல்பத்தில் காணாமற் போயிற்று என்பதெல்லாம் ரசிகருக்குத் துல்லியமாகத் தெரியும். சொந்தக் குரலா, இரவல் குரலா என்பதுதான் அவருடைய அளவுகோல். கட்சியின் பண்பாட்டு ஊழியர்கள் கையிலெடுத்துப் பார்க்கத் தகுந்த அளவுகோல் அது.

முதலில், ஆல்பம், மிக்ஸ்டேப் என்ற இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 1973 ஆகஸ்ட் மாதத்தில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்து இளைஞரான கூல் ஹெர்க், அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் இசைத்தட்டுகளைச் சுழற்றி ஒரு கொண்டாட்டம் நடத்தினார். ஹிப் ஹாப் பிறந்த கதையை அங்கிருந்துதான் சொல்லத் தொடங்குவது வழக்கம். இத்தகைய கூடல்களில் நிகழ்ந்த பாட்டையும் பேச்சையும் கேசட்டில் பதிந்து, கைக்குக் கை மாற்றினார்கள். மிக்ஸ்டேப் என்ற பெயர் அங்கே தோன்றியது. பின்னாளில், பிறருடைய தாளத்தை அனுமதியின்றி எடுத்து அதன்மேல் தன் சொற்களை ஏற்றி, இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ வெளியிடும் தொகுப்புக்கும் அதே பெயர் நிலைத்தது. ஆல்பம் என்பது நிறுவனத்தின் சரக்கு. அதில் ஒலிக்கும் ஒவ்வொரு துணுக்குக்கும் உரிமம் வேண்டும். வழக்கறிஞர் பார்க்க வேண்டும். சில்லறை வணிகர் முகம் கோணாதிருக்க வேண்டும். ஒன்று அனுமதி கேட்காத வடிவம், மற்றது அனுமதி பெற்ற வடிவம் என்று சொன்னால் பெரிய பிழையில்லை.

அனுமதி கேட்காததை மூலதனம் எவ்வாறு நடத்துகிறது என்பதற்கு அட்லாண்டா நகரில் நடந்த ஒரு சம்பவம் சான்று. 2007 ஜனவரியில், மிக்ஸ்டேப் தயாரிப்பில் பெயர்பெற்ற டி.ஜே. டிராமாவும் டான் கேனனும் இயங்கிவந்த இடத்துக்குள் காவல்துறை நுழைந்தது. 81,000 குறுந்தகடுகள் பறிமுதல் செய்யப்பட்டன. இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் அந்த நடவடிக்கைக்குத் துணை நின்றது. திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கு எதிரான சட்டப்பிரிவின் கீழ் அவர்கள் கைது செய்யப்பட்டார்கள். இதில் நகைப்புக்குரிய செய்தி, தம் பாடகர்களை இலவசமாக விளம்பரப்படுத்த இதே டி.ஜே.க்களுக்குப் பாடல்களை அனுப்பிக்கொண்டிருந்தவை அதே நிறுவனங்கள்தாம் என்பது. வலக்கை கொடுத்ததை இடக்கை திருட்டு என்றது.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் காட்சி மாறியது. சிகாகோவைச் சேர்ந்த சான்ஸ் தி ராப்பர் எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் 2016இல் 'கலரிங் புக்' என்ற மிக்ஸ்டேப்பை வெளியிட்டார். கடையில் விற்காமல் இணையத்தில் மட்டுமே கேட்கக் கிடைத்த அது, மறு ஆண்டு சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. ரசிகர்கள் கொண்டாடியது நியாயமே. தேவாலயக் கூட்டிசையும் சிகாகோவின் துயரமும் கலந்த நல்ல படைப்பு அது. ஆனால் முதல் இரண்டு வாரம் தன் தளத்தில் மட்டும் ஒலிக்கவேண்டும் என்பதற்காக ஆப்பிள் நிறுவனம் ஐந்து லட்சம் டாலர் தந்ததைப் பின்னர் அவரே பகிரங்கமாகச் சொன்னார். ரசிகருக்கு விலையில்லை, தளத்துக்கு விலை உண்டு. கேசட் காலத்தில் தயாரிப்பாளருக்கும் கேட்பவருக்கும் நடுவே ஒரு கை இருந்தது. இன்று அந்த இடத்தில் உலகின் மிகப்பெரிய நிறுவனங்கள் அமர்ந்திருக்கின்றன.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே ராப் மும்பையின் சந்துகளில் வளர்ந்தது. கல்லி என்ற இந்திச் சொல்லுக்குச் சந்து என்றே பொருள். 2019 பிப்ரவரியில் வெளியான 'கல்லி பாய்' திரைப்படம், நேசி, டிவைன் என்ற இரு மும்பைப் பாடகர்களின் வாழ்விலிருந்து தூண்டுதல் பெற்றது. குர்லா, அந்தேரிப் பகுதிகளின் இளைஞர்கள் தங்கள் மொழியில் சொல்லிக்கொண்டிருந்ததை நாடு முழுதும் கேட்கவைத்தது அந்தப் படம். அதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் அப்படத்தில் இடம்பெற்ற 'ஆசாதி' பாட்டின் கதையைத் தோழர்கள் சற்று விரிவாகவே அறிந்துகொள்ள வேண்டும்.

ஆசாதி முழக்கத்தின் அந்த லயத்தைப் பாகிஸ்தான் பெண்கள் இயக்கத்திடமிருந்து பெற்று இங்கே பரப்பியவர் பெண்ணியச் செயற்பாட்டாளர் கமலா பாசின். காஷ்மீரத் தெருக்களிலும் அந்த முழக்கம் எழுந்தது. 2016 மார்ச் மாதத்தில், சிறையிலிருந்து பிணையில் வந்த கன்னையா குமார் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக வளாகத்தில் அதை எழுப்பியபோது, எதிலிருந்து விடுதலை என்பது ஐயத்துக்கிடமின்றிச் சொல்லப்பட்டது. பட்டினி, மனுவாதம், பார்ப்பனியம், முதலாளித்துவம், சங்கப் பரிவாரம் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. டப் சர்மா என்ற இசைக்கலைஞர் அந்தக் குரலையே எடுத்துத் தாளத்தில் கோத்து இணையத்தில் விட்டார். மிக்ஸ்டேப்பின் அசல் குணம் அதுதான்: தெருவில் கேட்டதை அனுமதி கேட்காமல் எடுத்தாளுவது. மூன்றாண்டு கழித்து அவரும் டிவைனும் சேர்ந்து அதைப் படத்துக்கான பாட்டாக்கினார்கள். லயம் அப்படியே இருந்தது. வறுமையும் ஏற்றத்தாழ்வும் பொதுப்படையாகப் பேசப்பட்டன. மனுவாதத்தையும் பார்ப்பனியத்தையும் சங்கப் பரிவாரத்தையும் பெயர்சொல்லிச் சுட்டிய சொற்கள் இல்லை. பெயர்கள் உதிர்ந்த பாட்டு யாருக்கும் பயன்படும் அல்லவா? அந்த ஆண்டுத் தேர்தல் காலத்தில் பாரதிய ஜனதா கட்சியே அதைக் காங்கிரசுக்கு எதிரான பிரச்சாரக் காணொளிக்கு எடுத்துக்கொண்டது. யாருக்கு எதிராக அந்த முழக்கம் எழுந்ததோ அவர்கள் கையிலேயே அது ஒலித்தது.

அப்படியானால் ஆல்பம் என்றாலே சமரசம், மிக்ஸ்டேப் என்றாலே நேர்மை என்று முடிவுகட்டிவிடலாமா? முடியாது. 2017இல் தில்லியின் பிரப் தீப் வெளியிட்ட 'கிளாஸ்-சிக்' ஓர் ஆல்பம்தான். தலைப்பிலேயே சிலேடை இருக்கிறது: செவ்வியல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்குள் சீக்கியன் என்ற சொல்லை ஒளித்து வைத்திருக்கிறார். காளமேகத்தைப் படித்தவர்கள் புன்னகைப்பார்கள். மேற்கு தில்லியின் திலக் நகர் அவருடைய ஊர். 1984 படுகொலையில் கணவரை இழந்த சீக்கியப் பெண்கள் குடியமர்த்தப்பட்ட திலக் விகார், அதை ஒட்டியே இருக்கிறது. போதைப்பொருளும் அடிதடியும் இளம் வயதுச் சாவுகளும் மலிந்த அந்தத் தெருக்களைப் பஞ்சாபியும் இந்தியும் கலந்த பேச்சில் அவர் சொல்கிறார். செஸ் என்பவர் அமைத்த தாளம் பாடகரின் குரலை மூடாமல் பின்னால் நிற்கிறது. பஞ்சாபி ராப் என்றால் விலையுயர்ந்த காரும் மதுவும் என்றிருந்த வணிக வாய்பாட்டின் நடுவே, நண்பர்களை இழந்தவனின் குரலை அது கொண்டுவந்தது. சிறிய, சுயேச்சையான ஆசாதி ரெக்கார்ட்ஸ் அதை வெளியிட்டது. வடிவத்தின் பெயரைக் காட்டிலும், சொல்லை வெட்டும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியம் என்பதற்கு இந்த ஆல்பம் நல்ல சான்று. பல ஆண்டுகளுக்குப் பின் இன்று கேட்டாலும் பழையதாகத் தோன்றவில்லை.

மும்பையின் சுவதேசி குழு 2019இல் வெளியிட்ட 'தி வார்லி ரிவோல்ட்' தனிப்பாட்டு மட்டுமே. ஆனால் ஓர் ஆல்பத்தின் கனம் அதற்கு உண்டு. ஆரே காட்டில் வாழும் வார்லிப் பழங்குடித் தலைவரும் பாடகருமான பிரகாஷ் போயிர் அதில் பாடுகிறார். அதே ஆண்டு அக்டோபரில், மெட்ரோ ரயில் பணிமனைக்காக ஆரேயில் 2,000க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன. உச்சநீதிமன்றம் தடுக்கும்போது கோடரி வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டிருந்தது. வார்லி எழுச்சி என்ற சொல்லைக் கேட்டதும் கட்சித் தோழர்களுக்கு வேறொரு வரலாறும் நினைவுக்கு வரவேண்டும். 1945இல் தாணே மாவட்டத்தில், நிலவுடைமையாளர்களுக்குக் கூலியில்லாமல் உழைக்க மறுத்து வார்லிகள் எழுந்தார்கள். விவசாயிகள் சங்கத்தின் கோதாவரி பருலேகரும் சாம்ராவ் பருலேகரும் அவர்களோடு நின்றார்கள். அக்டோபர் 10 அன்று தல்வாடாவில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜெத்யா காங்கட் உள்ளிட்ட ஐவர் உயிர்நீத்தார்கள். அந்தப் போராட்டத்தைக் கோதாவரி மராத்தியில் எழுதிய நூல் 1972இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. பாட்டைக் கேட்கும் இளைஞருக்கு நூல் தெரியாது. நூலைப் படித்த தோழருக்குப் பாட்டு தெரியாது. இருவரும் ஒரே கிளைக் கூட்டத்தில்கூட உட்கார்ந்திருக்கலாம். சுவதேசி குழுவில் குஜராத்தியில் பாடிய எம்.சி. தோட்ஃபோட், தர்மேஷ் பர்மார், 2022 மார்ச்சில் 24 வயதில் இறந்தது பெரும் இழப்பு.

தமிழ்த் தோழர்களுக்கு மும்பை அயலூர் அல்ல. தாராவியில் வளர்ந்த டோப்படெலிக்ஸ் குழுவின் குரலை 2018இல் 'காலா' படத்தில் கேட்டிருப்பீர்கள். இந்தியும் தமிழும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் புரளும் அந்தப் பேச்சு தாராவியின் அன்றாடப் பேச்சுதான். மராத்தியரோடு தஞ்சைக்கு வந்து தமிழில் எதிர்க்கட்சி கட்டிப் பாடிய லாவணியை நினைத்துக்கொண்டால், இருவர் எதிரெதிர் நின்று சொல்லால் மோதும் ராப் போட்டி அவ்வளவு புதியதாகத் தோன்றாது.

அண்மைக் கால மிக்ஸ்டேப்களில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தில்லியின் சீதே மௌத் இரட்டையர் 2023இல் வெளியிட்ட 'லஞ்ச் பிரேக்' 30 பாட்டுகள் கொண்டது. மூச்சுக் கட்டுப்பாட்டிலும் இயைபுத் தொடையிலும் இந்தி ராப்பில் இவர்களுக்கு நிகராக மிகச் சிலரே இருக்கிறார்கள். பள்ளி இடைவேளையில் பையன்கள் கூடிச் சொல்லாடும் உற்சாகம் தொகுப்பு முழுதும் நிறைந்திருக்கிறது. ஆனால் முப்பதில் பத்தையாவது வெட்டியிருக்கலாம். போட்டிப் பாடகர்களைச் சாடுவதிலேயே பாதித் திறமை செலவாகிவிடுகிறது. அவர்களால் ஊரைப் பற்றிப் பாட முடியும் என்பது 2018இன் 'பயான்' ஆல்பத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். இந்தி ராப் முழுவதிலும் மலிந்திருக்கும் இன்னொரு குறை, எதிரியை வீழ்த்த அவன் வீட்டுப் பெண்ணை இழுக்கும் வசை. இதை இளமைத் துடுக்கு என்று மன்னிக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. மகாராஷ்டிரத்தின் மகாதேவ் கோலிப் பழங்குடியிலிருந்து வந்த மாஹி ஜி போன்ற பெண்கள், அந்த வசை இல்லாமலே காரமாகப் பாட முடியும் என்று காட்டுகிறார்கள்.

மற்றொன்று, ஹனுமான்கைண்ட் 2025 ஜூலையில் தந்த 'மான்சூன் சீசன்'. மலப்புரத்தில் பிறந்து, ஹூஸ்டனில் வளர்ந்து, பெங்களூரில் பாடத் தொடங்கியவர். 2024இல் இவருடைய 'பிக் டாக்ஸ்' அமெரிக்கப் பாடல் வரிசையில் 23ஆம் இடம் வரை ஏறியது. பொன்னானியில் எடுக்கப்பட்ட அதன் காணொளியில், திருவிழா மைதானங்களில் நாம் பார்த்திருக்கும் மரணக் கிணறு சுழல்கிறது. உயிரைப் பணயம் வைத்துச் சுவரில் வண்டி ஓட்டும் தொழிலாளர்களின் முகங்களை உலகம் பார்த்தது. கண்ணுக்கு அவர்கள் தெரிகிறார்கள். காதுக்கு அவர்கள் இல்லை. பாட்டின் சொற்கள் பாடகரின் வெற்றியைப் பற்றியவை. அந்த ஆண்டு செப்டம்பரில், நியூயார்க் அருகே நடந்த கூட்டத்தில் அவர் பாடியபோது பிரதமர் மோடி மேடையில் அவரைக் கட்டித் தழுவினார். பாடகரின் அரசியல் எதுவாயினும், யாரையும் பெயர்சொல்லாத பாட்டு எந்த மேடைக்கும் பொருந்தும். 'ஆசாதி'க்கு நேர்ந்ததும் அதுவே.

'மான்சூன் சீசன்' மிக்ஸ்டேப் என்றே அழைக்கப்படுகிறது. ஆனால் பின்னால் நிற்பது யுனிவர்சல் குழுமம். டென்சல் கர்ரி போன்ற அமெரிக்கப் பாடகர்கள் உடன் பாடுகிறார்கள். ஒலியமைப்பு குறையற்றது. குரலின் ஆற்றலும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. இரண்டு நிலங்களுக்கு நடுவே நிற்பவனின் தடுமாற்றம் வெளிப்படும் இடங்களில் பாட்டு உயர்கிறது. தற்பெருமை திரும்பும் இடங்களில் தாளம் மட்டுமே மிஞ்சுகிறது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் இதை ஏமாற்றம் என்றது மிகை. ஆனாலும் மிக்ஸ்டேப் என்ற பெயர் இங்கே வெறும் மேலட்டையாகவே இருக்கிறது.

ஒடிசாவின் கோராபுட்டிலிருந்து ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கு வந்த தலித் பாடகர் சுமீத் சமோஸ், சாதியைப் பெயர்சொல்லியே பாடுகிறார். அவர் வந்தது அம்பேத்கரிய மாணவர் அரசியலிலிருந்து. அந்த அரசியல் இடதுசாரிகளை நோக்கியும் கூர்மையான கேள்விகளை எழுப்புகிறது. அவற்றை வாயடைக்கப் பார்க்காமல் கேட்டுப் பதில் சொல்வதே முறை.

அதே மாநிலத்தின் கலாஹண்டியைச் சேர்ந்த துலேஸ்வர் தாண்டி வேதியியல் பட்டதாரி. ராய்ப்பூரில் உணவகத்தில் பாத்திரம் கழுவியவர். 2020 ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்தபோது, தன் கிராமத்தில் நின்று கைப்பேசியில் பதிந்து அவர்களைப் பற்றிய ராப் பாட்டுகளை வெளியிட்டார். ஒலிப்பதிவுக்கூடம் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஆட்சியாளர்களை நோக்கிய கேள்விகளில் ஒரு சொல்லையும் எவரும் வெட்டவில்லை. நாடு முழுதும் பல லட்சம் பேர் கேட்டார்கள். அவர்களில் பலர் அப்போது இன்னும் வீடுபோய்ச் சேர்ந்திருக்கவில்லை.