பணப்பையும் பயிற்சியாளரும்



கரோல் பாக்கிலுள்ள தமிழ்க் குடும்பங்களில், தந்தைக்கும் மகனுக்கும் இடையே அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. கால்பந்தாட்டத்தில் ஓர் அணியை வெற்றிபெறச் செய்வது அதன் பயிற்சியாளரின் திறமையா, முதலாளியின் பணமா என்பதே அது. மகன் ஐரோப்பியப் பயிற்சியாளர் பெயரை மந்திரம்போல் உச்சரிப்பான். அக்கவுண்டு இலாகாவில் தலைநரைத்த தந்தையோ, "அவருக்கு எத்தனை கோடி கொடுத்தார்கள் என்று பார்த்தாயா?" என்பார். இது வெறும் பொழுதுபோக்கு விவாதம் அன்று. இன்று தில்லியில் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்பிக்கும் பயிற்சிப் பள்ளிகள் பல உள்ளன. மாதச் சம்பளத்திலிருந்து அவற்றுக்குக் கட்டணம் செலுத்தும் பெற்றோர், தாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டுமல்லவா?

முதலில் தந்தையின் கட்சியைக் கேட்போம். அது வலுவான கட்சி. இங்கிலாந்தில் ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கி என்ற பொருளாதார அறிஞர், 1978 முதல் 1997 வரை 40 கழகங்களின் கணக்குகளை ஆராய்ந்தார். லீக்கில் எந்தக் கழகம் எந்த இடத்தைப் பெற்றது என்பதில் காணும் வேறுபாட்டில் 92 சதவீதத்தை, ஆட்டக்காரர்களுக்கு அவை அளித்த ஊதியத்தைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று கண்டார். ஓராண்டுக் கணக்கில் இந்தத் தொடர்பு இத்தனை இறுக்கமாக இராது. ஆண்டுகள் பல சேரும்போதுதான் ஊதியப் பட்டியலும் தரவரிசையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன.

மகனின் கட்சிக்கும் சாட்சிகள் உண்டு. பெரிய கழகங்களின் ஊதியச் செலவில் பாதிகூட இல்லாத லெஸ்டர் சிட்டி, 2016-இல் கிளாடியோ ரனியேரியின் கீழ் இங்கிலாந்தின் முதல் இடத்தைப் பெற்றது. அடுத்த பிப்ரவரி மாதத்திலேயே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும். பிரயன் கிளஃப் இன்னும் விசித்திரமான சாட்சி. 1974-இல் அப்போதைய சாம்பியனான லீட்ஸ் யுனைட்டெட் கழகத்தில் அவர் 44 நாட்கள்தான் நிலைத்தார். பிறகு நாட்டிங்காம் ஃபாரஸ்ட் என்ற இரண்டாம் பிரிவுக் கழகத்தை முதல் பிரிவுக்கு உயர்த்தி, 1978-இல் லீக் பட்டத்தையும், 1979-இலும் 1980-இலும் ஐரோப்பியக் கோப்பையையும் வென்று கொடுத்தார். ஆனால் 1979 இறுதிப் பந்தயத்தில் வெற்றி கோலைப் போட்டவர் யார்? அதே ஆண்டு பத்து லட்சம் பவுன் கொடுத்து வாங்கப்பட்ட டிரெவர் ஃபிரான்சிஸ்! தந்தையும் மகனும் ஒரே சாட்சியைத் தத்தம் பக்கம் இழுக்கலாம்.

அயல்நாட்டை விட்டு நம் நாட்டுக்கு வருவோம். இந்த வழக்கில் மிகச் சிறந்த சான்று நம்மிடமே இருக்கிறது. அவர் பெயர் சையது அப்துல் ரஹீம். ஐதராபாத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரப் போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950-இல் தில்லியில் டுராண்ட் கோப்பையையும் மோகன் பகான் அணியிடமிருந்து தட்டிச் சென்றது. 1951-இல் முதலாவது ஆசிய விளையாட்டுகள் புதுதில்லியில் நடந்தபோது, நேஷனல் ஸ்டேடியத்தில் சாஹு மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது. அந்த அணியின் பயிற்சியாளரும் ரஹீமே.

அவரிடம் என்ன வித்தை இருந்தது? ஆசிரியரின் வித்தைதான். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டும் பழக்கம் நம் ஆட்டக்காரர்களிடம் மிகுதி என்று கண்டு, பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவதையே தடைசெய்த பந்தயங்களை நடத்தினார். பந்து வந்ததும் இன்னொருவனுக்கு அனுப்பியாக வேண்டும். பழகாத காலால் மட்டுமே ஆட வேண்டும் என்ற விதியுடன் வேறு பந்தயங்களை வைத்தார். இதற்கெல்லாம் செலவு ஏது? ஒரு பந்தும் ஒரு வெளியும் போதும். கணக்கில் தடுமாறும் மாணவனுக்கு எந்த இடத்தில் தடுமாற்றம் என்று கண்டு, அதற்கேற்ற பாடத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் வாத்தியாரை நாம் அறிவோம். ரஹீம் அந்த இனத்தவர்.

ரஹீமையும் பணத்துக்கு அப்பாற்பட்ட மாயக்காரராக ஆக்கிவிடலாகாது. 1952-இல் ஹெல்சிங்கியில் அவருடைய அணி யுகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றது. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், நெவில் டிசோசாவின் மூன்று கோல்களோடு ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது. தோல்வியைப் பாடமாக்கிய விதத்தில்தான் அவருடைய திறமை புலப்படுகிறது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். முதல் பந்தயத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. தாய்லாந்துடன் ஆடியபோது தடுப்பாட்டத் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போட நேர்ந்தது. வேறு பயிற்சியாளராயின் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்னணிக்கு அனுப்பினார். பின்வரிசைக்காரர் முன்வரிசையில் நின்று அரையிறுதியிலும் கோல் போட்டார், இறுதியிலும் போட்டார். செப்டம்பர் 4-ஆம் தேதி, நமக்கு எதிராக முழங்கிய பெருங்கூட்டத்தின் நடுவே, அதே தென் கொரியாவை 2-1 என இந்தியா வென்றது. மற்றொரு கோல் பி. கே. பானர்ஜியுடையது. நோயுற்றிருந்த ரஹீம் அடுத்த ஆண்டு ஜூன் மாதம் காலமானார். அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிட்டவில்லை. 1970-இல் ஒரு வெண்கலம் மட்டுமே.

மகன் இங்கே கை தட்டக்கூடும். அக்கவுண்டு இலாகாத் தந்தை கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இன்னும் பாக்கியிருக்கிறது. ஐதராபாத் போலீஸ் ஆட்டக்காரர்கள் எதைக்கொண்டு சாப்பிட்டார்கள்? அவர்கள் போலீஸ் உத்தியோகஸ்தர்கள். மாதம் பிறந்தால் சம்பளம், பயிற்சிக்கு அனுமதி, கட்டுப்பாடான வாழ்க்கை. கழகக் கணக்கில் எழுதப்படாத இந்தச் செலவைச் சர்க்கார் ஏற்றிருந்தது. அந்த நிம்மதியின்மேல்தான் ரஹீமின் பாடங்கள் நின்றன.

தமிழருக்கு நெருங்கிய உதாரணமும் உண்டு. நீலகிரி வெலிங்டனிலிருந்து வந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் மைய அணி, 1955-இலும் 1958-இலும் தில்லியில் டுராண்ட் கோப்பையை வென்றது. அதன் கோல்காவலர் பீட்டர் தங்கராஜ், ஐதராபாத்தில் பிறந்தவர். முன்னணி ஆட்டக்காரராகத் தொடங்கியவரைக் கோல்முனையில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியது. அந்த ஒரு முடிவுக்கு விலை மதிப்பிட முடியுமா? 1962 ஜகார்த்தா இறுதியில் கோல் காத்தவரும் அவரே. 1967-இல் அர்ஜுனா விருதும் பெற்றார். முடிவு பயிற்றுவித்தவருடையது, அந்த வீரருக்குச் சோறும் பூட்சும் மைதானமும் தந்தது ராணுவம்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது தில்லி டைனமோஸ் என்ற அணி நம் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் ஆடியது. இத்தாலியின் டெல் பியரோ ஆட வந்தார். மறு ஆண்டு பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸும், 2016-இல் இத்தாலியின் ஜாம்புரோட்டாவும் பயிற்சியாளராக வந்தனர். புகழுக்குக் குறைவில்லை. இருமுறை அரையிறுதியோடு நின்றார்கள்; கோப்பை வரவில்லை. 2019-இல் அணியே புவனேஸ்வரத்துக்குக் குடிபெயர்ந்து ஒடிஷா எஃப்.சி. ஆகிவிட்டது. புகழ்பெற்ற பெயரை வாங்குவது பயிற்சியை வாங்குவது ஆகாது என்பது என் அபிப்பிராயம்.

சென்னையின் அணியோ வேறு கதை சொல்கிறது. 2015-இல் மார்க்கோ மாட்டராசியின் கீழ்ச் சென்னையின் எஃப்.சி. பருவத்தின் நடுவே கடைசி இடத்தில் கிடந்தது. அந்த டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்ததால் அரையிறுதியைப் புனேயில் ஆட நேர்ந்தது. கோவாவில் நடந்த இறுதியில் ஒரு கோல் பின்தங்கியிருந்து, கடைசிச் சில நிமிடங்களில் இரண்டு கோல்கள் பெற்று 3-2 என வென்றார்கள். தில்லித் தமிழர்கள் அன்று ஊரை நினைத்து நெகிழ்ந்ததில் வியப்பில்லை. அடுத்த ஆண்டும் மாட்டராசிதான் பயிற்சியாளர். ஆனால் 13 கோல்கள் போட்டுக் கொடுத்த ஸ்டீவன் மெண்டோசா அணியில் இல்லை. எட்டு அணிகளில் ஏழாம் இடம்! ஓராண்டில் அவர் அறிவு குறைந்துவிட்டதா என்ன?

கோயம்புத்தூரைத் தலைமையிடமாக்கி ஆடிய சென்னை சிட்டி அணியின் கதை, இந்த வழக்கின் இரு பக்கங்களையும் ஒருங்கே காட்டுவது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். அதிகம் அறியப்படாத ஸ்பானிய ஆட்டக்காரர் சிலரையும், நம் ஊர் இளைஞர்களையும் சேர்த்து, பந்தைக் குறுகிய தூரத்தில் மாற்றி மாற்றி ஆடும் அணி ஒன்றை அவர் உருவாக்கினார். 2019 மார்ச் 9-ஆம் தேதி, கடைசிப் பந்தயத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியை ஒரே புள்ளியில் பின்தள்ளி ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றினார்கள். பெட்ரோ மான்சி 21 கோல்கள் போட்டார். இது பயிற்சியின் வெற்றி என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதன்பின் நிகழ்ந்தது என்ன? எட்வின் சிட்னி வன்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குச் சென்றார். மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானுக்குப் போனார். ரொமாரியோ ஜேசுராஜை கோவா அழைத்துக்கொண்டது. நாற்று வளர்த்தவன் ஒருவன், அறுவடை செய்தவர்கள் வேறு சிலர். 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணியைக் காணோம். பயிற்சியாளரின் திறமை பட்டத்தை ஒருமுறை கொண்டுவந்து தர முடியும். அதை வீட்டில் நிறுத்திவைக்கப் பணம் வேண்டியிருக்கிறது. ஷிமான்ஸ்கியின் நீண்டகாலக் கணக்கும், ஓராண்டில் நிகழும் அற்புதமும் ஒன்றோடொன்று முரண்படாததன் காரணம் இதுதான்.

ஆகவே, பணம் சமமாக உள்ள இடத்திலும், மிகக் குறைவாக உள்ள இடத்திலுமே பயிற்சியாளரின் கை மிகுதியாகத் தெரிகிறது. மாநிலங்களுக்கான சந்தோஷ் டிராஃபி அத்தகைய இடம். அங்கே எந்த மாநிலமும் கோடி கொடுத்து ஆட்டக்காரரை வாங்குவதில்லை. 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற சைமன் சுந்தரராஜ், 1973-இல் கேரளத்துக்குப் பயிற்சியாளராகி, எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என வென்று, அம்மாநிலத்துக்கு முதன்முறையாக அந்தக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். மூன்று கோல்களையும் போட்டவர் கேப்டன் மணி.

சிறுவர்களின் பயிற்சியும் அத்தகைய இடமே. அங்கே பத்து வயதுப் பையனுக்கு எவரும் விலை பேசுவதில்லை. எனவே கரோல் பாக் பெற்றோர் ஒரு பள்ளியின் வாசலில் தொங்கும் ஐரோப்பியக் கழகத்தின் சின்னத்தைப் பார்த்துக் கட்டணம் கட்டுமுன், சில கேள்விகளைக் கேட்கலாம். நாள்தோறும் மைதானத்தில் நின்று கற்பிப்பவர் யார்? அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் டி லைசென்ஸாவது அவரிடம் உண்டா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பையன்கள்? கட்டணம் செலுத்த இயலாத கெட்டிக்காரப் பையனுக்கு அங்கே இடமுண்டா?

பள்ளி கிடைக்கவில்லையென்றாலும் குடி முழுகிவிடவில்லை. அஜ்மல்கான் பூங்காவில் ஒரு ஞாயிறு காலை, தெருப் பையன்களைச் சேர்த்து, ரஹீம் நடத்திய பழகாத கால் பந்தயம் ஒன்றை நடத்திப் பார்க்கலாம். இடக்காலால் மட்டுமே ஆட வேண்டும். வலக்காலால் போட்ட கோல் கணக்கில் சேராது.