பட்டியலைப் படித்துக் காட்டு! கணக்கை வெளியே வை!

(திருவொற்றியூர் தேரடி அருகே நடைபெற்ற ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. கிராமங்களில் படிப்பதற்காக அச்சிடப்படுகிறது.)

   

"மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் குடியானவனுக்கு திருவொற்றியூர்ல என்னய்யா வேலை?" என்று வரும்போது பஸ்ஸில் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. நம்ம பக்கத்திலிருந்து வரும் கொசஸ்தலை ஆறு இதோ இந்த எண்ணூரில்தான் கடலில் கலக்குது. ஆற்று வாய் அடைபட்டால் மீனவனுக்கு மீன் இல்லை. நமக்கு மழைக்காலத்தில் வெள்ளம் வடியாது. அவன் கஷ்டமும் நம்ம கஷ்டமும் ஒரே தண்ணியில் இருக்கு.

அந்தக் கழிமுகத்துக்கு என்ன ஆச்சு தெரியுமா? 1996ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருந்தது. 2017ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது மாநில அரசுத் தரப்பிலிருந்து வேறொரு வரைபடம் வந்தது. அதில் கழிமுகத்தையே காணோம்! ஊருக்கே தெரியுற ஆறு, சர்க்கார் காகிதத்தில் மட்டும் இல்லை! யார் கை பட்டு மாறியது என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் படத்தைப் பார்த்த மீனவன், நாளைக்கு அதிகாரி நீட்டும் எந்தக் காகிதத்தை நம்புவான்?

இப்போ நம்ம கதைக்கு வருவோம். பிரதமர் கிசான் திட்டம் 2019ல் வந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணை. 2020ல், கொரோனா காலத்தில், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட பல மாவட்டங்களில் தகுதி இல்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேர் பட்டியலில் ஏற்றப்பட்டார்கள். 110 கோடி ரூபாய் போனதாக அரசாங்கமே சொன்னது. அதிகாரிகளின் பாஸ்வேர்டு வெளியாள் கைக்குப் போயிருந்தது. பல பேரிடம் "இது கொரோனா நிவாரணம்" என்று சொல்லித்தான் ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கினார்கள். நடுவில் புரோக்கர் கமிஷன் எடுத்தான். பிறகு கைது, பணிநீக்கம், சி.பி.சி.ஐ.டி. விசாரணை எல்லாம் நடந்தது. பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி ஏழை வாசலில் போய் நின்றார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்க. குத்தகைக்கு உழுகிறவனுக்கு அந்தத் திட்டத்தில் இடமே கிடையாது. பட்டாவில் பேர் வேணும். சேற்றில் இறங்கி உழுகிறவன் பேர் ஏறலை, ஏர் பிடிக்காதவன் பேர் ஏறுது! நெல் போடப் போனாலும் இதே கதை. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காசு கேட்கும் புகார் 2020ல் ஐகோர்ட்டு மதுரைக் கிளை வரைக்கும் போனது. சம்பளத்துக்கு மேல் லஞ்சம் வாங்குவது பிச்சை எடுப்பதற்குச் சமம் என்று நீதிபதிகளே கண்டித்தார்கள்.

தோழர்களே! பணம் போனது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கு. "எவன் வந்தாலும் இப்படித்தான், எல்லாரும் ஒன்னுதான்" என்று நாம் சொல்லப் பழகிட்டோமே, அதுதான். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஆர்.கே. நகர். 2017 ஏப்ரலில் அங்கே நடக்க வேண்டிய இடைத்தேர்தலை, ஓட்டுக்குப் பணம் விளையாடியதால் தேர்தல் கமிஷனே ரத்து செய்தது. மக்கள் ஏன் வாங்குறாங்க? "ஜெயிச்சா திரும்பிப் பார்க்கப் போறதில்லை, இதையாவது வாங்குவோம்" என்கிற எண்ணம்தான். நம்பிக்கை போன இடத்தில் நோட்டு வந்து உட்காருது. நோட்டு கொடுத்து ஜெயிச்சவன் போட்டதை எடுக்கத்தானே பார்ப்பான்? நாம் கோபப்பட்டால் லஞ்சக்காரனுக்குப் பயம். நாம் அலுத்துப் போனால் அவனுக்குக் கொண்டாட்டம்!

ஊரைக் குறை சொல்லும் நான் யோக்கியனா? சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் அப்பா காலமான பிறகு பட்டா மாற்ற ஒரு அலுவலகத்துக்கு நாலு மாசம் அலைந்தேன். அஞ்சாவது மாசம் கவரை நீட்டினேன். மறுவாரம் பட்டா வந்தது. அடுத்த மாசம் எங்க தெருப் பெரியவர் வந்தார். "தம்பி, எனக்கும் பட்டா மாத்தணும், என்னா பண்றது?" என்று கேட்டார். மனு எழுதிக் கொடுக்க வேண்டிய நான், "இவ்வளவு ஆகும் பெரியப்பா" என்று தொகையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அதைக் கேக்கவா தம்பி ஒங்கிட்ட வந்தேன்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நான் சங்கச் செயலாளர் இல்லை, புரோக்கர். அதற்குப் பிறகு ரொம்ப நாள் மேடையில் லஞ்சம் என்கிற வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அதனால்தான் நம்ம சங்கத்தில் மாசாமாசம் கணக்கு படிக்கிறோம். இன்றைய வேன் வாடகை, மைக் செட்டு, நோட்டீஸ் செலவு எல்லாம் அடுத்த கூட்டத்தில் படிக்கப்படும். ஒரு ரூபாய் உதைத்தாலும் எழுந்து கேளுங்க. என் முகத்தைப் பார்த்து நம்பாதீங்க, கணக்கைப் பார்த்து நம்புங்க. தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இதே அளவுகோல்தான். நேர்மையான அதிகாரிகளும் இருக்கிறார்கள். கணக்கு வெளியே வந்தால் அவர்களுக்கும்தான் நிம்மதி.

வழி இருக்கு, தோழர்களே! ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை. சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீங்க. "பயனாளிப் பட்டியலைப் படி" என்று கேளுங்க. பொய்ப் பேரைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காது, ஊர் கண்டுபிடிக்கும். தகவல் அறியும் மனுவுக்குப் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை போதும், 30 நாளில் பதில் தரணும். காணாமல் போன கழிமுகம் வெளியே வந்ததும் அப்படித்தான். ஜமாபந்திக்குத் தனியாகப் போகாதீங்க, பத்துப் பேராகப் போங்க. கவரை எடுக்கும் முன் சங்கத்துக்கு வாங்க, மனு நான் எழுதித் தருகிறேன். இந்தத் தடவை தொகை சொல்ல மாட்டேன்!

அரசுக்கு நம் கோரிக்கைகள்:

1. எல்லாத் திட்டங்களின் பயனாளிப் பட்டியலையும் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டு! கிராம சபையில் படி!

2. குத்தகை விவசாயிக்கும் கிசான் திட்டப் பணம் கொடு!

3. கொள்முதல் நிலையத்தில் எடை போட்டதும் ரசீது கொடு! புகார் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வை!

4. 1996 வரைபடப்படி எண்ணூர் கழிமுகத்தைப் பாதுகாத்திடு!

நம்பிக்கையை யாரும் இனாமாகக் கேட்க வேண்டாம். கணக்கைக் காட்டுங்கள், நம்புகிறோம். காட்டாதவரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!